படம் போய் கட்டம் வந்த கதை: இலவசத் தளத்தில் ஏற்றிய படங்களை மீட்பதும், இனி எங்கே வைப்பதும்

திருப்பூர் காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் பார்ப்பவர், காங்கேயம் பக்கம் மாடு விற்பவர், சென்னிமலையில் போர்வை நெய்து அனுப்புபவர் என்று நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இந்தத் தொல்லை ஒன்று இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்னால் சரக்குப் படங்களை ஏதோ ஓர் இலவசத் தளத்தில் ஏற்றி, அந்த லிங்க்கை வலைப்பக்கம், எக்செல் ஷீட், பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) போன மெயில் என்று கண்ட இடத்திலெல்லாம் ஒட்டியிருப்பார்கள். இன்றைக்குத் திறந்தால் படம் இல்லை, உடைந்த கட்டம்தான் இருக்கிறது.

தளத்தைத் திட்டுவதெல்லாம் அப்புறம். முதலில் படம் நிஜமாகவே அழிந்துவிட்டதா, இல்லை அங்கேயே இருந்தும் உங்கள் கண்ணுக்குக் காட்டாமல் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உடைந்த கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து (போனில் என்றால் அழுத்திப் பிடித்து) படத்தின் முகவரியை மட்டும் காப்பி பண்ணி, புது டேபில் ஒட்டித் திறங்கள். தனியாகத் திறந்தால் வருகிறது, பக்கத்துக்குள் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஹாட்லிங்க் தடைதான்; அதாவது எங்கள் தளத்துக்கு வந்து படத்தைப் பார், வேறொருவன் பக்கத்தில் காட்ட மாட்டோம் என்று அந்தத் தளம் சொல்கிறது. இன்னொரு சின்னக் காரணமும் உண்டு. பழைய லிங்க்குகள் பல எச்டிடிபி என்று மட்டும் தொடங்கும், கடைசியில் எஸ் இருக்காது. இப்போதைய பிரவுசர்கள் பாதுகாப்பான பக்கத்துக்குள் அப்படிப்பட்ட படத்தை அப்படியே சேர்த்துக்கொள்வதில்லை. எஸ் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள், சில சமயம் அவ்வளவுதான் வேலை.

தனியாகவும் வரவில்லையா? வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள், இல்லை பக்கத்து கம்பெனிக்காரர் போனில் திறக்கச் சொல்லுங்கள். ஒரு நெட்டில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்றால் படம் பத்திரமாக இருக்கிறது, நடுவில்தான் யாரோ மறிக்கிறார்கள். நம் நாட்டில் இது புதுசு இல்லை. 2012-இல் சினிமா திருட்டைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் என்று முழுத் தளங்களையே மூடிவிட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று நீதிமன்றமே பிறகு தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 2014 டிசம்பரில் மத்திய அரசு 32 தளங்களைத் தடுத்தபோது மென்பொருள் எழுதுகிறவர்களின் கிட்ஹப்பும், பழைய வலைப்பக்கங்களைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும்கூட அந்தப் பட்டியலில் மாட்டின. ஒரு தளத்தில் யாரோ போட்ட ஒரு வில்லங்கத்துக்கு அங்கே இருக்கும் உங்கள் டி-ஷர்ட் படமும் சேர்ந்து போகும், அதுதான் விஷயம்.

சட்டப்படி தடுத்தது இல்லாமல், வெறும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு) கோளாறாகவும் இருக்கலாம். ஆண்ட்ராய்டு 9-உம் அதற்குப் பிந்தையதும் உள்ள போன்களில் செட்டிங்ஸ், நெட்வொர்க், பிரைவேட் டிஎன்எஸ் என்று போய், டிஎன்எஸ் டாட் கூகுள் என்று கொடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் என்றால் 1.1.1.1 அல்லது 8.8.8.8. ஆனால் சில நிறுவனங்கள் டிஎன்எஸ்ஸோடு நிற்பதில்லை, நீங்கள் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பார்த்தே வெட்டிவிடுவார்கள்; அங்கே இந்த மாற்றம் எடுபடாது. அதற்கு மேல் மல்லுக்கட்டுவதைவிடப் படத்தை இடம் மாற்றுவதே மேல், ஏனென்றால் நீங்கள் டிஎன்எஸ் மாற்றிப் பார்த்துவிடலாம், சரக்கு வாங்க வருகிறவர் அதையெல்லாம் செய்து கொண்டிருப்பாரா?

திரையில் எண் எதுவும் வந்தால் அதையும் கவனியுங்கள். 404 என்றால் அந்த முகவரியில் படம் இல்லை. 403 என்றால் படம் இருக்கலாம், உங்களுக்குக் கொடுக்க மாட்டோம் என்று அர்த்தம். 451 என்றால் சட்டக் காரணம்.

திருப்பூர்க்காரர்களுக்கு இங்கே தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இம்கர் என்ற இலவசப் படத் தளத்தில் சாம்பிள் படம் ஏற்றி லண்டன் பையருக்கு லிங்க் அனுப்புகிற பழக்கம் இருந்தால் அதை இன்றே விடுங்கள். சிறுவர்களின் தகவலை அந்தத் தளம் கையாளும் விதம் பற்றி பிரிட்டன் தகவல் ஆணையர் அலுவலகம் விசாரித்து, அபராதம் போடப்போவதாக நோட்டீஸ் விட்டதும், 2025 செப்டம்பர் 30 முதல் பிரிட்டனுக்கே இம்கர் படங்களைக் காட்டுவதில்லை. உங்கள் மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) இங்கே அவினாசி ரோட்டில் உட்கார்ந்து திறந்தால் படம் ஜோராக வரும், அங்கே பையருக்கு "உங்கள் பகுதியில் கிடைக்காது" என்று வரும். காலர் படம் அனுப்பிவிட்டோமே என்று இவர், எங்கே படம் என்று அவர். நடுவில் அப்ரூவலுக்கு ஒரு வாரம் போய்விடும். இனி எந்த லிங்க் அனுப்பினாலும் பையர் நாட்டில் திறக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

இந்தத் தளங்கள் எல்லாம் ஏன் ஒன்றன்பின் ஒன்றாக இப்படி ஆகின்றன என்பதற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. உங்கள் படத்தை வேறொரு பக்கத்தில் ஆயிரம் பேர் பார்த்தால், ஆயிரம் தடவையும் படத்தை அனுப்புகிற செலவு அந்தத் தளத்துக்கு. விளம்பரத்தைப் பார்த்த கண்ணோ ஒன்றுகூட அங்கே இல்லை. படம் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு நஷ்டம். முதல் சில வருஷம் ஆள் சேர்க்க முதலீட்டுப் பணத்தில் தாங்குவார்கள், அப்புறம் கை மாறும், வாங்கியவர் கணக்கைக் கேட்பார்.

ஃபோட்டோபக்கெட் 2003-இல் தொடங்கியது, தமிழில் வலைப்பூ எழுதிய காலத்தில் பாதிப் பேர் படம் அங்கேதான். 2017 ஜூன் கடைசியில் திடீரென்று, வெளிப் பக்கங்களில் படம் காட்ட வேண்டுமானால் வருஷத்துக்கு 399.99 டாலர் என்று சொல்லி, கட்டாதவர்களின் படம் இருந்த இடத்திலெல்லாம் ஸ்பீடாமீட்டர் பொம்மை ஒன்றை வைத்துவிட்டார்கள். கூச்சல் கிளம்பி, அடுத்த வருஷம் விலையை இறக்கினார்கள், ஆனால் போனவர்கள் போனவர்கள்தான். அவர்களுடைய இன்னொரு தளமான டைனிபிக் 2019-இல் மூடப்பட்டது. இமேஜ்ஷாக் 2014-இலேயே இலவசத்தை நிறுத்திக் கட்டணத்துக்குப் போனது. ஃப்ளிக்கர் 2013-இல் ஒரு டெராபைட் சும்மா தருகிறேன் என்றது. 2018-இல் ஸ்மக்மக் வாங்கியதும் இலவசக் கணக்குக்கு 1000 படம்தான் என்று குறைத்தது. கூகுள் ஃபோட்டோஸின் அளவில்லாத இலவசம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இம்கரை 2021-இல் மீடியாலேப் வாங்கியது, 2023 மே மாதத்திலிருந்து கணக்கு எதனோடும் சேராத, யாரும் பார்க்காத பழைய படங்களை அழிக்கத் தொடங்கினார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்; இந்த மாட்டை மட்டும் பல், கால், சுழி எல்லாம் பார்த்துத்தான் கட்டுத்தறிக்குக் கொண்டுவர வேண்டும்.

சரி, போன படத்தை மீட்பது எப்படி?

நீங்கள் முதலில் தேட வேண்டியது படத்தை இல்லை, மெயிலை. கணக்கைத் தொடங்கியது யார்? பெரும்பாலும் வேலையை விட்டுப் போன ஒரு பையனின் சொந்த ஜிமெயிலாக இருக்கும், எச்சரிக்கை மெயில் எல்லாம் அங்கே போய்த் தூங்கும். அவரைப் பிடித்து பாஸ்வேர்டை மாற்றும் வழியைப் பாருங்கள். உள்ளே போனதும் ஒவ்வொரு படமாக இறக்காமல், கணக்கின் மொத்தத் தரவையும் கேட்கும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். ஃப்ளிக்கரில் கணக்கு அமைப்புக்குள்ளேயே அது உண்டு, கூகுளில் டேக்அவுட் என்ற பெயரில் உண்டு.

கணக்கே போய்விட்டது என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷின். வெப் டாட் ஆர்க்கைவ் டாட் ஓஆர்ஜி என்ற முகவரியில், பக்கத்தின் முகவரியை மட்டும் போடாமல், படத்தின் நேரடி முகவரியையும் தனியாகப் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் உடைந்திருக்கும், படத்தின் முகவரியில் மட்டும் முழுசாகக் கிடைக்கும். இம்கர் படம் என்றால் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் 2023-இல் அழிப்பதற்கு முன்னால் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் அள்ளியவரை அள்ளி அங்கே சேர்த்தது. கூகுள் கேஷில் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால், அதை 2024-இலேயே எடுத்துவிட்டார்கள்.

மொத்தமாக இறக்கியபின் ஒரு சோதனை. ஃபைல்களை அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரே அளவில், அதுவும் ஓரிரு கேபி-க்குள், இருபது முப்பது ஃபைல் அடுத்தடுத்து நின்றால் அவை உங்கள் படம் இல்லை, "இந்தப் படம் இப்போது இல்லை" என்று தளம் வைத்த பொம்மை. பெயர் மட்டும் உங்கள் படத்தின் பெயராக இருக்கும். இதைப் பார்க்காமல், எல்லாம் வந்துவிட்டது என்று பழைய கணக்கை மூடிவிடாதீர்கள்.

இனி எங்கே வைப்பது? இதற்கு ஊருக்கு ஒரு பதில் கிடைக்கும். என் பதில்: படம் எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருந்தாலும் இருக்கட்டும், அதன் முகவரி உங்கள் டொமைன் பெயரில், அதாவது நீங்களே பதிவு செய்து வைத்திருக்கும் இணையப் பெயரில், இருக்க வேண்டும். அந்தப் பெயருக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் முன்னப்பின்ன ஆகும். அப்புறம் படத்தை வைக்க, சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கே (பலர் பங்கிட்டுக்கொள்ளும் வாடகை சர்வர்) ஒரு சின்ன யூனிட்டுக்குப் போதும். கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்த ஆள் கூட இருந்தால் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஃபைல் சேமிப்பு வசதியான ஆர்2 நல்லது: 10 ஜிபி வரை காசு இல்லை, அதற்கு மேல் ஒரு ஜிபிக்கு மாதம் ஒன்றரை சென்ட், எத்தனை பேர் பார்த்தாலும் அனுப்பும் செலவு என்று தனியாகக் கேட்பதில்லை. கார்டு விவரம் கேட்கும், டொமைனின் டிஎன்எஸ்ஸை அவர்கள் பக்கம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நீளமான பக்கம் 1600 பிக்சல் இருக்கும்படி படத்தைச் சுருக்கினால் ஒரு படம் 400 கேபி-க்குள் அடங்கும். 10 ஜிபி-யில் 25,000 படம் வைக்கலாம். நாளைக்கு அவர்களும் கொள்கையை மாற்றினால் ஃபைல்களை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு டொமைனை அங்கே திருப்பிவிடுங்கள். மெயிலில் போன பழைய லிங்க் ஒன்றுகூட உடையாது.

கூகுள் டிரைவை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அங்கே வைத்த படத்தை வெளிப் பக்கத்தில் காட்டும் குறுக்கு வழி ஒன்று வெகுநாள் ஓடியது, 2024 தொடக்கத்தில் நின்றுபோனது. டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியும் வேண்டாம், அங்கிருந்து வெளியே எடுத்த லிங்க் ஒரு நாளில் காலாவதி. ஐஎம்ஜிபிபி, போஸ்ட்இமேஜஸ் போன்ற இலவசத் தளங்கள் இன்னும் ஓடுகின்றன. ஒருவரிடம் ஒரு சந்தேகம் கேட்க ஒரு ஸ்கிரீன்ஷாட் காட்ட வேண்டுமா, தாராளமாகப் போடுங்கள். கேட்டலாகுக்கு வேண்டாம்.

வியாபாரம் இல்லாத படங்களுக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது, நம் ஆட்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தை, பவானி ஜமுக்காளம் நெய்யும் குழித்தறி, கொரங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலி என்று நீங்களே எடுத்த படங்கள் இருந்தால் விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுங்கள். 2004 முதல் இருக்கிறது, விளம்பரம் கிடையாது, வெளியே காட்டவும் தடை இல்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் கொடுக்க வேண்டும், அதற்கு மனசு வர வேண்டும். குடும்ப விசேஷப் படத்துக்கும் சரக்கு விளம்பரத்துக்கும் அங்கே இடமில்லை.

ஏற்றும் முன் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை ஏற்றாதீர்கள். அது சுருக்கிய சுருக்கில் ரிப் துணிக்கும் சிங்கிள் ஜெர்சிக்கும் வித்தியாசம் தெரியாது. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஃபைல் பெயரில் ஸ்டைல் நம்பரும் கலரும் இருக்கட்டும், பெயரை ஆங்கில எழுத்திலேயே, நடுவில் இடைவெளி விடாமல் வையுங்கள். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் பதிவும் ஒளிந்திருக்கலாம். மாட்டுப் படம் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள், காளை நிற்கும் பட்டி எங்கே என்று ஊருக்கே வழி சொல்லத் தேவையில்லை. கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள், ஏற்கெனவே எடுத்ததில் இருந்தால் கம்ப்யூட்டரில் ஃபைலின் புராப்பர்ட்டீஸில் போய் நீக்கலாம். அசல் படங்கள் ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும், அது இருக்கும் கட்டடத்தில் இல்லாத இன்னொன்றிலும் இருக்கட்டும்.

வெப்சைட் செய்து கொடுக்கிறவர்களிடம் வேலை கொடுத்தால், டொமைனைப் பதிவு செய்யும்போது யார் மெயில் ஐடி போடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வேலை சுளுவாக முடியட்டும் என்று தங்கள் பெயரிலேயே எடுத்துவிடுவார்கள், அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆனால் அடுத்த வருஷம் புதுப்பிக்கும் நேரத்தில் அவர் போனை எடுக்கவில்லை என்றால், உடைந்த கட்டம் இந்தத் தடவை உங்கள் சொந்தப் பெயரிலேயே வரும். உங்கள் மெயில், உங்கள் போன் நம்பர், முடிந்தால் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.