திருவருட்பா சேர்ந்திசையும் சொற்பொழிவும்: புதிய குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவருட்பாவைப் பாடிய வள்ளலார் வருவிக்கவுற்ற (பிறந்த) நாளான அக்டோபர் 5 நெருங்கும்போதும் தைப்பூசத்தை ஒட்டியும் புதிய சேர்ந்திசைக் குழுக்கள் பல மேடையேறுகின்றன. சில பாடல்கள், நடுவே ஒரு சொற்பொழிவு, நிறைவில் ஜோதி வழிபாடு என்ற அமைப்பையே பெரும்பாலும் எல்லாரும் பின்பற்றுகிறார்கள். அவர்களுடைய ஒத்திகைகளில் போய் அமர்ந்தால், தொடக்கக் காலத்தில் எங்கள் குழு செய்த பிழைகளே அப்படியே திரும்ப வருவதைக் காண்கிறேன். நேரத்துக்கு வருவது, சுருதிப் பெட்டியைச் சரிபார்ப்பது, கைபேசியை அணைப்பது ஆகியவற்றை யாரும் எழுதிச் சொல்லத் தேவையில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெட்டு நிற்கும் இடத்தில் பொருளையும் நிறுத்துவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். திருமுறைகள் எனப்படும் திருவருட்பாவின் ஆறு பகுதிகளுள் ஆறாம் திருமுறையில் உள்ள பிள்ளைப் பெருவிண்ணப்பத்தின் ‘வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்’ என்ற பாடலைப் பாடாத குழு இல்லை. அதைச் சரியாக நிறுத்திப் பாடும் குழுவோ அரிது. அது எழுசீர் விருத்தம். நான்கு சீர் ஒரு வரியாகவும் மூன்று சீர் அடுத்த வரியாகவும் அச்சிடப்படுவதால், இரண்டாம் வரி ‘வாடினேன் பசியினால் இளைத்தே’ என்று முடிகிறது. தாளத்தில் அமைத்த மெட்டும் பெரும்பாலும் அங்கேயே ஒரு சுற்றை முடித்துக்கொள்கிறது. குழு முழுவதும் அந்த ‘ஏ’காரத்தை நீட்டி, இசை அலங்காரமாக ஒரு சங்கதியும் போட்டு, மூச்சு வாங்குகிறது. கேட்பவருக்கு என்ன சேர்கிறது? வள்ளலார் பசியால் வாடினார், பசியால் இளைத்தார் என்பதே சேர்கிறது. அதே பாடல் ‘இளைத்தேன்’ என்றே முடிவதால், நீட்டிப் பாடிய ‘இளைத்தே’யும் அப்படியே காதில் விழுந்து குழப்பத்தை உறுதி செய்துவிடுகிறது.

பாடல் சொல்வது வேறு. ‘வாடினேன்’ என்பதோடு பயிரைப் பற்றிய செய்தி முடிந்துவிடுகிறது. ‘பசியினால் இளைத்தே வீடுதோறு இரந்தும் பசியறாது அயர்ந்த வெற்றரைக் கண்டு உளம் பதைத்தேன்’ என்பது அடுத்த செய்தி. பசியால் இளைத்தவர்கள் வீடு வீடாகக் கையேந்தியும் பசி தீராத ஏழைகள். அவர்களைக் கண்டு பதைத்தவர் வள்ளலார். பிற உயிரின் துன்பத்தைத் தம் துன்பமாக உணர்ந்த ஒருவரின் சொல்லை, தம் பசியைச் சொல்லிக்கொண்டவரின் சொல்லாக மாற்றிவிடுவதைச் சிறிய உச்சரிப்புப் பிழை என்று எப்படித் தள்ளுவது?

ஒரு விழாவில் இதன் விளைவை நேரிலேயே கண்டேன். குழு அருமையாகத்தான் பாடியது. குரல்கள் ஒன்றிய விதத்தில் எனக்குப் பொறாமைகூட ஏற்பட்டது. அடுத்துப் பேச வந்தவர், காதில் விழுந்ததையே எடுத்துக்கொண்டு, பசியால் மெலிந்த ஒரு துறவியின் வறுமையைப் பற்றி வெகுநேரம் உருகினார். அவையும் உருகியது. குழுவில் ஒருவருக்கும் உறுத்தவில்லை என்பதுதான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது.

தனியாகப் பாடுபவர் இப்பிழையை மறுநாளே திருத்திக்கொள்ளலாம். முப்பது பேர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் மூச்சு வாங்கிப் பழகிவிட்டால், பின்னர் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், மேடையில் பதற்றம் வந்தவுடன் பாதிப்பேர் பழைய இடத்திலேயே நிற்பார்கள், மீதிப்பேர் தொடர்வார்கள், பாட்டு இரண்டாகக் கிழியும். ஆகவே மெட்டுக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ‘கண்டபோ தெல்லாம்’, ‘வீடுதோ றிரந்தும்’ என்ற சீர் பிரித்த வடிவத்தை ஒதுக்கிவைத்து, பதம் பிரித்த பாடத்தைத் தாளில் எழுதி, நிறுத்தும் இடங்களைக் கோடிட்டு எல்லாரிடமும் கொடுங்கள். முதல் இரண்டு ஒத்திகைகளில் இராகமே வேண்டாம். உரைநடையைப் போலச் சேர்ந்து வாசியுங்கள். அதன்பின் மெட்டு பொருளோடு மோதினால் மெட்டைத்தான் மாற்ற வேண்டும். நீண்ட தொடரை ஒரே மூச்சில் பாட முடியாதென்றால், அருகருகே நிற்பவர்கள் வெவ்வேறு சொற்களில் மூச்சு வாங்கிக்கொண்டால் ஓசை அறுபடாது.

இதைவிட எளிய வழியும் உண்டு. விருத்தத்தைத் தாளமின்றி ஒருவர் பாட, நிறைவில் ‘அருட்பெருஞ்ஜோதி’ மகாமந்திரத்தைக் குழு ஏற்றுப் பாடலாம். சேர்ந்து பாடுவதற்கு ‘வருவார் அழைத்துவாடி’ போல, பல்லவி திரும்பத் திரும்ப வரும் கீர்த்தனைகளை அவரே ஆறாம் திருமுறையில் தந்திருக்கிறார்.

திருமுறைகளை வேறுபாடின்றிக் கலப்பது

கந்தகோட்டத்து முருகன்மீது பாடிய தெய்வமணிமாலையும், திருவொற்றியூர்ப் பதிகங்களும் முதல் ஐந்து திருமுறைகளுக்கு உரியவை. சாதி, சமய வேறுபாடுகளைக் கடந்த சுத்த சன்மார்க்கத்தை விரித்துரைக்கும் பாடல்கள் ஆறாம் திருமுறையில் உள்ளன. அது அச்சில் வந்ததே 1885இல்தான். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றி ஆற்றிய பேருபதேசத்தில், தமக்கு முன்னர்ச் சைவ சமயத்தில் அளவற்ற பற்று இருந்ததையும் பின்னர் அது விலகியதையும் வள்ளலாரே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். முற்காலப் பாடல்களைப் பாடக் கூடாதென்று நான் சொல்லவில்லை. ‘ஒருமையுடன் நினது திருமலரடி’ இல்லாத நிகழ்ச்சி எனக்கும் குறையாகவே தோன்றும். ஆனால் ‘சமயங்கடந்த வள்ளலார்’ என்று சொற்பொழிவாளர் முழங்கிய மறுகணமே முருகன் துதி எழும்போது, அவையில் விவரமறிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பாடல்களைக் கால வரிசையில் அமைத்து, அந்தப் பட்டியலைச் சொற்பொழிவாளருக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டால், அந்த மாற்றமே அவருடைய பேச்சுக்கு நல்ல பொருளாகிவிடும்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே சுருதி

ஒரு கட்டைச் சுருதியில் ஆண்களும், அதைவிட உயர்ந்த ஐந்து கட்டைச் சுருதியில் பெண்களும் வசதியாகப் பாடுவது பொதுவான வழக்கம். இரண்டுக்கும் நடுவே ஒன்றைப் பிடித்தால் கீழே ஒரு சாராரின் குரலும் மேலே மற்றவர்களின் குரலும் மறைந்துவிடும். வீச்சு குறைந்த மெட்டுகளை மட்டும் சேர்ந்து பாடுங்கள். மற்றவற்றைக் கண்ணிக்குக் கண்ணி பிரித்துக் கொடுங்கள்.

அகவல் முழுவதும்

அருட்பெருஞ்ஜோதி அகவலுக்கு 1596 அடிகள். அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

நினைவிலிருந்து மேற்கோள் காட்டுவது

‘கண்மூடிப் பழக்கம்’ என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். பாடலில் உள்ளது ‘கண்மூடி வழக்கம்’. நூலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அடைமொழிகளும் பொன்னாடையும்

தம்மை ‘இராமலிங்கசாமி’ என்று வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுவதால் அது தமக்குச் சம்மதமில்லை என்று, தம் அன்பரான இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதத்தில் வள்ளலார் தெரிவித்திருக்கிறார். அவர் பெயரால் நடக்கும் விழாவில் புரவலர்களுக்கு ஆளுக்கு நான்கு பட்டங்கள் சூட்டி, வரிசையாகப் பொன்னாடை போர்த்துவதற்குள், குழுவினர் மேடையில் நின்றபடியே களைத்துப்போகிறார்கள்.

கைதட்டல்

மகாமந்திரத்துக்குப் பின் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

பந்தி நேரத்தைத் தாண்டிப் பேசுவது

1867 மே 23 அன்று வடலூரில் தொடங்கிய, பசித்தோர்க்கு உணவிடும் சத்திய தருமச்சாலையின் அணையா அடுப்பைப் பற்றிச் சொற்பொழிவாளர் விரிவாகப் பேசிக்கொண்டிருக்க, பின்வரிசையில் குழந்தைகள் பசியால் அழுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நிகழ்ச்சி நிரலை வரவேற்புரையிலிருந்து தொடங்கி எழுதுவதால் வரும் கோளாறு இது. பந்தி தொடங்கும் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி ஜோதி வழிபாடு, நிறைவுப் பாடல், சொற்பொழிவு என்று நேரம் ஒதுக்க வேண்டும். பேச்சு நீண்டால், நிறைவுப் பாடலைக் கைவிடும் உரிமை குழுத்தலைவருக்கு உண்டு என்பதையும், பந்தியைத் தள்ளிவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதையும் அழைக்கும்போதே சொற்பொழிவாளரிடம் சொல்லிவிடுங்கள். வருத்தப்படுபவர்கள் இருப்பார்கள், அடுத்த ஆண்டு வேறொருவரை அழைத்துக்கொள்ளலாம்.