வெளிநாட்டு அன்லாக் போன்ல உள்ளூர் சிம் போடுறதுக்கு முன்னாடி

அன்லாக்னு சொல்லி வாங்கின போன்ல சிம் போட்டா டவரே காட்டலையேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. அன்லாக்னா எந்த கம்பெனி சிம்மையும் போன் ஏத்துக்கும், அவ்ளோதான், அந்த ஊர் அலைவரிசையை அது பிடிக்குமான்றது வேற விஷயம்.

முதல்ல லாக் நிஜமாவே போயிருக்கான்னு பாருங்க. ஐபோன்னா செட்டிங்ஸ்ல ஜெனரல், அதுக்குள்ள அபவுட், அங்க கேரியர் லாக்ல சிம் கட்டுப்பாடு இல்லைன்னு இருக்கணும். ஆண்ட்ராய்டுன்னா வேற கம்பெனி சிம் போட்டு பாக்குறதுதான் நேர்வழி.

அடுத்தது பேண்ட், அதாவது போன் பிடிக்கற அலைவரிசை, இங்கதான் முக்கால்வாசி பேர் மாட்டுறாங்க. ஒரே பேர்ல வர்ற போன்கூட நாட்டுக்கு நாடு வேற மாடல் நம்பர்ல வரும், ஒவ்வொண்ணுக்கும் பேண்ட் லிஸ்ட் மாறும், அதனால பேரை வச்சு தேடாம மாடல் நம்பரை வச்சு தேடி உங்க நெட்வொர்க்கோட 4ஜி, 5ஜி பேண்டோட ஒப்பிட்டுப் பாருங்க. அமெரிக்காவுல வித்த ஐபோன் 14ல சிம் டிரேயே கிடையாது, போனுக்குள்ளேயே இருக்கற இசிம் மட்டும்தான், வாங்கிட்டு ஓட்டையை தேடாதீங்க!

நெட் ஓடுது ஆனா கால் போகலைன்னா வோல்டிஇ, அதாவது 4ஜி வழியா கால் பேசற வசதி, அதுல பிரச்சனையா இருக்கலாம். 2ஜி, 3ஜி மூடின இடத்துல அது இல்லாம பேசவே முடியாது, சில நெட்வொர்க் தன்னோட லிஸ்ட்ல இருக்கற மாடலுக்கு மட்டும்தான் அதை குடுக்கும்.

கால் போகுது நெட் வரலைன்னா ஏபிஎன்னை, அதாவது நெட்டுக்கு சிம் கம்பெனி சொல்ற செட்டிங்கை, கையால போடுங்க. கடைசியா *#06# அடிச்சா போனோட அடையாள நம்பரான ஐஎம்இஐ வரும், சில நாட்டுல அதை பதிவு பண்ணலைன்னா கொஞ்ச நாள்ல போனை பிளாக் பண்ணிருவாங்க.