பணியாளர்களுக்கு மின்னஞ்சல் முகவரி தானாக அமைய: எக்ஸ்சேஞ்ச் சர்வரில் முகவரிக் கொள்கை

எங்கள் ஊர்ப் பக்கம் ‘அண்டி ஆபீஸ்’ என்று சொல்லப்படும் முந்திரிப் பருப்பு ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் தலைமை அலுவலகம் நாகர்கோவிலிலும், கிளைகள் மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் ஆகிய இடங்களிலும் உள்ளன. கணினியில் வேலை செய்யும் பணியாளர் எண்பது பேர். புதிதாக ஒருவர் சேரும்போதெல்லாம் அவருடைய முகவரியை நிர்வாகி கையால் தட்டச்சு செய்தால், ஒருவருக்குப் பெயர் மட்டும், இன்னொருவருக்கு முன்னால் இனிஷியல், மூன்றாமவருக்குப் பின்னால் இனிஷியல் என்று ஆளுக்கொரு வடிவம் வந்துவிடும். இதைத் தவிர்ப்பதற்காகவே, நிறுவனங்கள் தங்கள் மின்னஞ்சலைத் தாமே நடத்தப் பயன்படுத்தும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் ‘இமெயில் அட்ரஸ் பாலிசி’ என்ற வசதி இருக்கிறது. பணியாளரின் விவரப் புலங்களிலிருந்து எழுத்துகளை எடுத்து, நாம் கொடுத்த வார்ப்பின்படி முகவரியை அது கோத்துத் தருகிறது. கீழே சொல்லப்படும் திரைகள் 2016, 2019 பதிப்புகளிலும், அடுத்து வந்த சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனிலும் உள்ளவை. முதல் இரண்டுக்குமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், புதிதாக நிறுவுவோர் மூன்றாவதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 1: பெயரை எந்தப் புலத்தில் எழுதுவது

சர்வரைத் தொடுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது இது. பெரும்பாலோர் தவறுவதும் இங்கேதான். இந்த மென்பொருள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டும் எல்லோருக்கும் இருக்கும் என்று எண்ணி வடிவமைக்கப்பட்டது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தே இனிஷியலாக நிற்கிறது. செல்வராஜின் மகன் ராஜன் ‘எஸ். ராஜன்’ என்றே கையெழுத்திடுகிறார். அவருடைய லாஸ்ட் நேம் (குடும்பப்பெயர்) புலத்தைக் காலியாக விட்டுவிட்டு, ‘முதற்பெயர், புள்ளி, குடும்பப்பெயர்’ என்ற வார்ப்பைக் கொடுத்தால், புள்ளிக்குப் பின்னால் வைக்க சர்வரிடம் எதுவும் இருக்காது.

திரையில் ‘இனிஷியல்ஸ்’ என்றே ஒரு புலம் இருப்பதைக் கண்டு மகிழ்ந்து அதில் நம் இனிஷியலை எழுதிவிடத் தோன்றும். அது நடுப்பெயரின் முதலெழுத்துக்காக வைக்கப்பட்டது. அதைக் கொண்டும் முகவரி அமைக்கலாம் என்றாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தகப்பனார் பெயரை முழுமையாக லாஸ்ட் நேம் புலத்தில் எழுதி, அதிலிருந்து எத்தனை எழுத்து வேண்டும் என்பதை வார்ப்பில் சொல்வதே நல்லது. ஒரே கிளையில் செல்வராஜின் மகன் ராஜனும், சுந்தரத்தின் மகன் ராஜனும் இருப்பது நம் மாவட்டத்தில் அரிதான செய்தி அன்று. ஓரெழுத்து மட்டும் எடுத்தால் இருவரும் மோதுவார்கள். அப்போது சர்வர் இரண்டாமவரின் முகவரியில் 2 என்ற எண்ணைச் சேர்த்துவிடும். முழுப்பெயர் கையில் இருந்தால் இரண்டு எழுத்தாகக் கூட்டி அந்த மோதலைத் தீர்க்கலாம்.

முதற்பெயர், லாஸ்ட் நேம் ஆகிய இரு புலங்களையும் ஆங்கில எழுத்திலேயே, சம்பளப் பட்டியலில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் நிரப்புங்கள். மற்றவர்களுக்குக் காட்டப்படும் பெயரான டிஸ்ப்ளே நேம் தனிப் புலம் என்பதால், அங்கே ‘எஸ். ராஜன்’ என்று வழக்கம்போல எழுதிக்கொள்ளலாம், தமிழிலும் எழுதலாம்.

படி 2: டொமைனை ஏற்கச் செய்தல்

டொமைன் என்பது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி. எக்ஸ்சேஞ்சின் நிர்வாக மையத்தில் ‘மெயில் ஃப்ளோ’ பகுதிக்குள் ‘அக்செப்டட் டொமைன்ஸ்’ பட்டியலில் உங்கள் டொமைன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘அத்தாரிட்டேட்டிவ்’ வகையாக, அதாவது அந்த டொமைனின் அஞ்சல் பெட்டிகள் எல்லாம் உங்கள் சர்வரிலேயே உள்ளன என்ற பொருளில், சேர்த்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத டொமைனுக்குக் கொள்கை வகுக்க முடியாது. 2000, 2003 பதிப்புகளில் இவ்விரண்டு வேலையும் ‘ரெசிபியன்ட் பாலிசி’ என்ற ஒன்றிலேயே கலந்திருந்தன; 2007 பதிப்பில்தான் பிரிக்கப்பட்டன.

படி 3: கொள்கையை உருவாக்குதல்

அதே பகுதியில் ‘இமெயில் அட்ரஸ் பாலிசீஸ்’ என்பதைத் திறந்து கூட்டல் குறியை அழுத்தி, கொள்கைக்கு ஒரு பெயர் கொடுங்கள். முகவரி வடிவத்தில் ஆயத்த வார்ப்புகள் சில காட்டப்படும். அவற்றை விட்டுவிட்டு, நாமே எழுதும் வசதியைத் தேர்ந்தெடுத்து, %ஜி.%2எஸ்@ என்று எழுதி, தொடர்ந்து உங்கள் டொமைனைச் சேருங்கள். ஜி, எஸ் இரண்டையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். ஜி முதற்பெயரையும், எஸ் குடும்பப்பெயரையும் குறிக்கின்றன; நடுவே உள்ள 2, முதல் இரண்டு எழுத்து போதும் என்கிறது.

கிளைக்கொரு டொமைன் உள்ளவர்கள், யாருக்கு எந்தக் கொள்கை என்று பிரிக்க வேண்டும். பணியாளரின் விவரப் புலங்களில் மாநிலம், நிறுவனம், துறை, பதினைந்து கஸ்டம் அட்ரிப்யூட்கள் (நாம் விரும்பியதை எழுதிக்கொள்ளும் புலங்கள்) ஆகியவற்றைக் கொண்டே இந்தத் திரையில் வடிகட்ட முடியும். ஊர்ப்பெயரைக் கொண்டு வடிகட்ட இங்கே வழியில்லை. மாநிலம் எல்லோருக்கும் ஒன்றே என்பதால் அதுவும் பயன்படாது. ஆகவே ஒவ்வொருவரின் முதல் கஸ்டம் அட்ரிப்யூட்டிலும் கிளையின் பெயரை எழுதிவைத்து, அதையே நிபந்தனையாகக் கொடுங்கள்.

ஒருவருக்குப் பல கொள்கைகள் பொருந்தினாலும், வரிசையில் முன்னால் நிற்கும் ஒன்று மட்டுமே செல்லுபடியாகும். எனவே மார்த்தாண்டத்துக்கான கொள்கை மேலேயும், பொதுக் கொள்கை அதற்குக் கீழேயும் இருக்க வேண்டும். சர்வருடன் வந்த டிஃபால்ட் பாலிசி எப்போதும் கடைசியில்தான் நிற்கும்.

படி 4: நடைமுறைக்குக் கொண்டுவருதல்

சேமித்ததும் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். பட்டியலில் கொள்கையைத் தேர்ந்தெடுத்தால் வலப்பக்கம் அது இன்னும் செயல்படுத்தப்படவில்லை என்ற குறிப்பு தெரியும். அங்குள்ள ‘அப்ளை’ என்பதை அழுத்திய பின்னரே ஏற்கெனவே உள்ள பணியாளர்களுக்கு அது பொருந்தும். அழுத்துவதற்கு முன், யார் யார் இதில் அடங்குவர் என்ற முன்னோட்டத்தை ஒருமுறை திறந்து பெயர்களைச் சரிபாருங்கள். பழைய முகவரிகள் அழிக்கப்படுவதில்லை. துணை முகவரிகளாக அதே பெட்டியில் தங்குவதால், ஏலக்காரரோ ஏற்றுமதி முகவரோ பழைய முகவரிக்கு அனுப்பும் மடலும் வந்து சேரும்.

படி 5: விலக்கு அளித்தல்

முகவரி அட்டை அச்சடித்துப் பல ஆண்டு ஆகிவிட்ட முதலாளி, ‘என் முகவரியை மாற்றாதே’ என்பார். அவருடைய அஞ்சல் பெட்டியின் பண்புகளில் மின்னஞ்சல் முகவரிப் பக்கத்தைத் திறந்து, கொள்கையின்படி தானாகப் புதுப்பிக்கச் சொல்லும் கட்டத்திலுள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இதைப் படி 4-க்கு முன்பே செய்துவிட வேண்டும்.