மூட்டுகள் எப்படி அசைகின்றன? உங்கள் உடம்பிலேயே செய்து பாருங்கள்

மூட்டு வகைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வது எளிது. எது எங்கே அசைகிறது என்பது தொட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். ஒரு நாற்காலி போதும். ஒரு விதியை மட்டும் விடாதீர்கள்: எந்த மூட்டைச் சோதிக்கிறீர்களோ, அதற்கு அடுத்த மூட்டை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களும், தோள் ஒருமுறை நழுவியவர்களும் அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

1. தோள்

கையை முன்னே, பின்னே, பக்கவாட்டில் தூக்குங்கள், வட்டமாகச் சுற்றுங்கள். இது பந்துக்கிண்ண மூட்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமில்லாத குழியில் பொருந்தியிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு சுதந்திரம். எளிதில் நழுவுவதும் அதனால்தான். இடுப்பும் இதே வகை. அங்கே குழி ஆழம் என்பதால் கால் இவ்வளவு தாராளமாகச் சுற்றாது.

2. முழங்கை

மேற்கையை விலாவோடு ஒட்டி வைத்து மடக்குங்கள், நீட்டுங்கள். கதவின் கீல் போல ஒரே அச்சில்தான் அசைவு. பெயரே கீல் மூட்டு. நேரானதும் ஏன் நின்றுவிடுகிறது? முன்கையின் இரண்டு எலும்புகளில் சுண்டுவிரல் பக்கம் இருக்கும் அல்னா எலும்பின் மேல்முனை, மேற்கை எலும்பின் பின்பக்கக் குழிக்குள் போய் அமர்ந்துவிடுகிறது.

3. முன்கை

மேற்கை விலாவோடு ஒட்டியே இருக்கட்டும். முழங்கையை 90 பாகைக்கு மடக்கி, உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புங்கள். மறுகை விரல்களால் முழங்கை முனையிலிருந்து சுண்டுவிரல் பக்கம் ஓடும் எலும்பைத் தொடுங்கள். அது அல்னா, பெரும்பாலும் அசையாது. கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ்தான் அதன் குறுக்கே புரள்கிறது. இது முளை மூட்டு, அதாவது முளையைச் சுற்றுவது போல ஓர் அச்சைச் சுற்றித் திரும்பும் மூட்டு.

இப்போது கையை நேராக நீட்டித் திருப்புங்கள். இன்னும் அதிகம் திரும்புகிறதல்லவா? தோளும் சேர்ந்துகொண்டது. மேலே சொன்ன விதி இதற்காகத்தான்.

கழுத்திலும் முளை மூட்டு உண்டு. தலையை இடவலமாகத் திருப்பும்போது, ஏறக்குறைய பாதித் திருப்பம் முதலிரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையில்தான் நடக்கிறது.

4. விரல்கள்

விரல்களை நீட்டி அகட்டுங்கள். பிறகு அடிக்கணுவில் மட்டும் 90 பாகை மடக்கி அகட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட நகரவே நகராது. மடக்கும்போது கணுவின் இருபுற நார்களும் இறுகிவிடுகின்றன. கட்டைவிரலின் அடியில் இருப்பது சேண மூட்டு: குதிரைச் சேணம் போல வளைந்த இரு எலும்புப் பரப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி, இரு திசைகளிலும் அசையும். கட்டைவிரல் சுண்டுவிரல் நுனியைத் தொடுமளவுக்குக் குறுக்கே வருவது அதனால்தான்.

5. முழங்கால்

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். இதைக் கீல் மூட்டு என்று சொல்லி நிறுத்திக்கொள்வது போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை 90 பாகையில் வைத்துக் குதிகாலை ஊன்றுங்கள். ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்து, மறுகை விரலை முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்புப் புடைப்பில் வையுங்கள். பாதத்தை உள்ளும் வெளியுமாகத் திருப்பினால் அந்தப் புடைப்பும் நகரும். கீழ்க்கால் சுழல்கிறது!

காலை நேராக நீட்டித் திருப்புங்கள். இம்முறை சில்லும் தொடையும் சேர்ந்தே திரும்பும். வேலை செய்வது இடுப்பு. முழங்கால் நேராகும் கடைசிக் கட்டத்தில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றுத் திரும்பிப் பூட்டிக்கொள்கின்றன. தொடைத்தசை அதிகம் உழைக்காமலே நாம் நிற்க அது உதவுகிறது.

6. தாடை

மண்டையோட்டின் பெரும்பாலான எலும்புகள் அசையா மூட்டுகளால் கோத்தவை. தாடை விலக்கு. காதுக்குச் சற்று முன்னே விரல் வைத்து வாயைக் கொஞ்சம் திறவுங்கள்: எலும்பு அதே இடத்தில் சுழலும். அகலத் திறந்தால் முன்னோக்கி வழுக்கும், விரலடியில் ஒரு பள்ளம் விழும்.