அம்மாவின் கணக்கு நோட்டை வைத்து மின்துறையை நடத்துவது எப்படி?

மின்கம்பியோடு முப்பது ஆண்டு மாரடித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். சிக்கனத்தைப் பற்றி உருப்படியாகக் கற்றதெல்லாம் அம்மாவின் நாற்பது பக்க நோட்டில்தான்.

முதலில் எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை கொடுத்தாலும் அம்மா குறித்துக்கொள்வாள். திருப்பிக் கேட்பதற்காக அல்ல. விவசாயப் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. அளக்காமல் கொடுப்பதில்தான் வருத்தம். மீட்டர் இல்லாத இடத்தில் எது பாசனம், எது இழப்பு என்று யார் சொல்வது? இணைப்புதோறும் வைக்க முடியாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்றாவது வையுங்கள்.

பிறகு ஒழுகல்களை அடைத்துவிடுங்கள். ஒருமுறை பம்பு அறை ஒன்றில் கெப்பாசிட்டர் பெட்டியைத் திறந்தேன். இரண்டு ஒயரும் கழன்று கிடந்தன. உள்ளே குளவிக் கூடு. "அது எதற்குங்க, மோட்டார்தான் ஓடுகிறதே!" என்றார் தோட்டத்துக்காரர். ஓடும்தான். ஆனால் கெப்பாசிட்டரை மாட்டி, பவர் ஃபேக்டர் (கம்பியில் வரும் கரண்டில் வேலைக்கு உதவும் பங்கு) 0.7-லிருந்து 0.95-க்கு ஏறினால், அதே வேலைக்குக் கம்பியில் போகும் கரண்ட் கால்வாசி குறையும். கம்பி சூடாகி வீணாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது; ஆகவே அந்த இழப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். புது மின்நிலையம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். திறப்பு விழா வைக்க வழியில்லாத வேலை, அதனால்தான் தள்ளிப்போகிறது.

மலிந்தபோது வாங்கி வைப்பதும் உண்டு. மாசியில் புளி வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிட்டால் அடுத்த மாசி வரை அம்மா புளிக்காகக் கடைக்குப் போகமாட்டாள். நமக்குப் புளி என்பது மே முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் அடிக்கும் காற்று. அப்புறம் நண்பகல் வெயில். பானை, ஆனைமலையில் 400 மெகாவாட் கடம்பாறை நிலையம். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாற்றுத் தண்ணீரைக் கடம்பாறை அணைக்கு ஏற்றுங்கள், தேவை ஏறும் மாலையில் அதை இறக்கி மின்சாரம் எடுங்கள். இத்தகைய நிலையங்களில் நாலு யூனிட் போட்டால் சுமார் மூன்றுதான் திரும்பும். புளியிலும் கொட்டை போகத்தானே செய்கிறது! ராத்திரி ஏழு மணிக்கு மின்சந்தையில் போய் நின்று, யூனிட்டை 10 ரூபாய் உச்ச விலைக்கு வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

என் வீட்டு மேல்தொட்டியை நண்பகலில்தான் நிரப்புகிறேன். சாயங்காலம் ஆறரைக்கு மோட்டார் போடும் மகனோடு வழக்கு இன்னும் தீரவில்லை.