தாலுகா ஊரில் தனியாக வக்கீல் அலுவலகம் நடத்தும் முறை

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்விலும் தேறியவர் மறுநாளே சொந்த அறையில் பெயர்ப்பலகை மாட்டச் சட்டத்தில் தடையில்லை. ஆயினும் முன்சீப் கோர்ட்டும் சார்பு நீதிமன்றமும் மட்டுமே உள்ள ஊரில் தொழில் செய்ய நினைப்பவர், சிவில் கேஸ்கள் நிறைய வரும் ஒரு சீனியரிடம் நான்கைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு வருவது நல்லது. கோர்ட் ஆவணங்களின் நகல் கேட்டுப் போடும் மனு எங்கே தேங்கும், மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எப்படி ஒத்துப் பார்ப்பது, கட்சிக்காரர் சொல்லாமல் விட்டதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பவை அங்கேதான் பிடிபடும்.

அறை கோர்ட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தால் போதும். விளம்பரம் செய்வதை பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. பலகையும் அடக்கமான அளவில் இருக்க வேண்டும்.

அலுவலகத்தின் உயிர் டைரியில் இருக்கிறது. ஒவ்வொரு தேதியின் பக்கத்திலும் கோர்ட், வழக்கு எண், முந்தைய வாய்தா, இன்று எதற்காகப் போட்டிருக்கிறது, அடுத்த வாய்தா ஆகியவற்றை எழுதி, அன்று மாலையே அடுத்த வாய்தாவின் பக்கத்திலும் ஏற்றிவிட வேண்டும். தனியாகத் தொழில் தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு வாய்தாவைக் கேஸ் கட்டின் (வழக்கு ஆவணங்களின் கட்டு) அட்டையில் மட்டும் குறித்துவிட்டு டைரியில் ஏற்ற மறந்தேன். அன்று எங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாததால், கட்சிக்காரர் மீது எக்ஸ் பார்ட்டியாக, அதாவது ஒருதலையாக, தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் மனுப் போட்டு அதை ரத்து செய்ய முடிந்தது என்றாலும், செலவுத்தொகையை என் கையிலிருந்து கட்டினேன். இப்போது கோர்ட்டுகளின் வழக்கு விவரம் தரும் இகோர்ட்ஸ் செயலியில் வாய்தா தெரிகிறது. அது டைரியைச் சரிபார்க்க உதவுமே தவிர, டைரிக்கு மாற்று ஆகாது.

புதிய கட்சிக்காரர் வந்தால், கதையைக் கேட்கும் முன் தேதிகளைக் கேளுங்கள். புரோநோட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் காலவரம்பு. ஆனால் அந்தக் கெடுவுக்குள் கடன் வாங்கியவர் ஒரு தொகை கொடுத்து, பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தால், அந்த வரவுத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். கையெழுத்து இல்லாமல் கடன் கொடுத்தவரே எழுதிக்கொண்ட வரவு உதவாது என்பதை, வக்காலத்தில் (வழக்கை நடத்த வக்கீலுக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். எதிர்வாதியாக வருபவரிடம் சம்மன் கைக்குக் கிடைத்த தேதியைக் கேட்டு, எதிர்வழக்குரைக்கு (எதிர்வாதி எழுத்தில் தரும் பதில்) உரிய 30 நாள் கெடுவை அப்போதே டைரியில் ஏற்றுங்கள். கோர்ட் அனுமதித்தால் அது 90 நாள் வரை நீளும் என்ற நம்பிக்கையில் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஃபீஸ் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதை முதல் நாளிலேயே தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசுவதற்கு விதிகளில் இடமில்லை. கோர்ட் ஃபீ, நகல் கட்டணம் ஆகியவற்றுக்காக வாங்கும் பணத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். சிறிய அலுவலகங்களில் சச்சரவு பெரும்பாலும் இந்தச் சில்லறையில்தான் முளைக்கிறது.

கட்சிக்காரர் வேறு வக்கீலிடம் போக விரும்பினால், ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கேஸ் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. பாக்கிக்கு வேறு வழியில் நடவடிக்கை எடுக்கலாம். ஆவணங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, அசல் எது நகல் எது என்று குறித்து, கட்சிக்காரரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கட்டைக் கொடுத்துவிடுங்கள்.