ஹாஸ்டலுக்குக் கொடுத்தனுப்பும் புளிக்காய்ச்சல்: பூஞ்சணம் பிடிக்காமல் செய்வது எப்படி?

வீட்டில் வாரம் ஒருமுறை கிளறும் புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் செய்வது வேறு. பையனோ பொண்ணோ ஹாஸ்டலில் ஃப்ரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடச் செய்து அனுப்புவது வேறு. சேரும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு தண்ணீரை வெளியேற்றுகிறோம், எதை பாட்டிலுக்குள் போடாமல் விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ருசிக்கான குறிப்புகள் ஆயிரம் கிடைக்கும். இது கெடாமல் இருப்பதற்கான குறிப்பு.

கீழே உள்ள அளவுக்கு அரை கிலோவுக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். ஒரு கிண்ணம் சோற்றுக்கு (சுமார் 200 கிராம்) ஒரு மேசைக்கரண்டி போதும். அப்படிப் பார்த்தால் 25 வேளைக்கு வரும். ரூம்மேட்கள் இருந்தால் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள்.

தேவையானவை

கொட்டை, ஓடு, நார் எடுத்த பழம்புளி 200 கிராம். கல்லுப்பு 50 கிராம். வெல்லம் 25 கிராம். நல்லெண்ணெய் 200 மில்லி (சமைக்க 150, பாட்டிலில் மேலே ஊற்ற 50). மஞ்சள்தூள் ஒரு டீஸ்பூன், கடுகு ஒன்றரை டீஸ்பூன், கிள்ளிய நீட்டு மிளகாய் 12, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு.

வறுத்துப் பொடிக்க: தனியா 20 கிராம், வெந்தயம் ஒன்றரை டீஸ்பூன், மிளகாய் 8.

தனிப் பொட்டலத்துக்கு: வேர்க்கடலை 100 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, எள் 2 டேபிள்ஸ்பூன்.

உப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள். கல்லின் பருமனைப் பொறுத்து எடை மாறும். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் நல்லது. இந்தச் செய்முறையில் அதற்குக் கடைசியிலும் வேலை இருக்கிறது. வீட்டுப் பானையில் உப்புப் போட்டு அடைத்துவைத்த புளி என்றால் முதலில் 35 கிராம் உப்பு மட்டும் போடுங்கள். மீதியைக் கடைசியில் ருசி பார்த்துச் சேர்க்கலாம்.

மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி வேண்டாம். நிறமும் வராது, புளிப்பும் கொஞ்சம் மந்தமாக இருக்கும். ஒரு வருடமாவது ஆகிக் கறுத்த புளிதான் இதற்கு ஏற்றது.

எண்ணெயில் சமரசம் வேண்டாம். நல்லெண்ணெயில் இயல்பாகவே இருக்கும் சீசமால் போன்ற பொருள்களால் அது சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பதில்லை. ஊறுகாய்க்கு நம் வீடுகளில் அதையே பிடித்துக்கொண்டதற்கு ருசி மட்டும் காரணமல்ல. வட இந்தியக் கல்லூரி என்றால் இன்னொரு வசதியும் உண்டு: டிசம்பர் குளிரிலும் உறையாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழேயே கட்டியாகிவிடும்.

பாத்திரம்

அகலமான, அடி கனத்த எவர்சில்வர் வாணலிதான் என் தேர்வு. அகலம் முக்கியம், குறுகலான பாத்திரத்தில் தண்ணீர் வற்ற இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் கூடவே கூடாது, புளி அவற்றை அரிக்கும். இரும்புச் சட்டியில் செய்தால் மையாகக் கறுத்து, நாக்கில் இரும்பு வாடை நிற்கும். கல்சட்டி அருமையானது. ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் அதில் நெடுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும் என்பதால் சற்று முன்னதாகவே அணைக்க வேண்டும்.

முந்தின நாள் இரவு

கறிவேப்பிலையை அலசி, துணியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் விடுங்கள். பாட்டில்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீர் காட்டிக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் வெயிலில் இரண்டு மணி நேரம் காயட்டும். மூடியை மறக்க வேண்டாம். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்துக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒளிந்திருக்கும். துணியால் துடைத்தால் அது வராது. வளையத்தைக் கத்திமுனையால் நெம்பி எடுத்துத் தனியாகக் காயவைத்து, பிறகு பொருத்துங்கள். நன்றாகச் செய்த புளிக்காய்ச்சல்கூடப் பூஞ்சணம் பிடிப்பது பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான்.

கரைசல்

புளியை அரை லிட்டர் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டுங்கள். சக்கையில் 200 மில்லி ஊற்றி இன்னொரு முறை. மூன்றாவது முறை வேண்டாம். அந்தத் தண்ணீரையும் நீங்கள்தான் நின்று வற்றவைக்க வேண்டும். கரைசலைப் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்து, மெதுவாகச் சாய்த்து வாணலியில் ஊற்றினால் அடியில் மண் தங்கும். கடைசி இரண்டு கரண்டியைக் கொட்டிவிடுங்கள்.

வாணலியின் வெறும் எடையை முன்பே தராசில் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

வற்றவைத்தல்: இரண்டு கட்டம்

வழக்கமாக எண்ணெயில் தாளித்து, அதன் மேல் கரைசலை ஊற்றிக் கொதிக்கவிடுவோம். இங்கே அதைத் தலைகீழாக்குங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் ஆவி வெளியேறுவது மட்டுப்படும், தெறிப்பதும் அதிகம். எனவே முதல் கட்டத்தில் எண்ணெயே கிடையாது. கரைசல், மஞ்சள்தூள், உப்பு மூன்றையும் பெருந்தீயில் கொதிக்கவிட்டு, மூன்றில் ஒரு பங்காகும் வரை வற்றவையுங்கள். கிட்டத்தட்ட 20 நிமிடம் ஆகும். கடைசி ஐந்து நிமிடம் அடியைத் தொட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கிடையில் பக்கத்து அடுப்பில் 150 மில்லி நல்லெண்ணெயைக் காயவைத்து, பெருங்காயத்தை முதலில் பொரித்து எடுத்துவிடுங்கள். உப்பி, உள்ளேயும் வெந்திருக்க வேண்டும். நடுவில் பிசுபிசுப்பாக இருந்தால் மிக்ஸியில் அரைபடாது. அதே எண்ணெயில் கடுகு, வெடித்ததும் கிள்ளிய மிளகாய். மிளகாய் நிறம் மாறியதும் எல்லாவற்றையும் புளியில் கொட்டி, வெல்லத்தைச் சேர்த்துத் தீயைக் குறையுங்கள். இது இரண்டாம் கட்டம்.

இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். ஓரத்தில் எண்ணெய் தெரிந்ததும் "பிரிந்துவிட்டது" என்று அணைத்துவிடுவார்கள். வீட்டில் நான்கு நாளில் தீர்ந்துபோகும் புளிக்காய்ச்சலுக்கு அது சரி. ஹாஸ்டலுக்கு அது பாதி வழிதான். எண்ணெய் முதலில் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் சிறுதீயில் இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும்.

சத்தத்தைக் கேளுங்கள். தண்ணீர் நிறைய இருக்கும்போது தளதளவென்று கொதிக்கும். கெட்டியானதும் பெரிய குமிழிகள் பொத் பொத்தென்று வெடித்துத் தெறிக்கும். கையில் பட்டால் பொத்துவிடும், நீளக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பிறகு தெறிப்பது அடங்கி, வடை வேகும்போது கேட்குமே, அந்த மெல்லிய சலசலப்பு மட்டும் வரும். அதுதான் நாம் காத்திருந்த கட்டம்.

சந்தேகத்துக்கு ஒரு சோதனை: குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் கால் டீஸ்பூன் வைத்து, இரண்டு நிமிடம் கழித்துத் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். விழுதைச் சுற்றி எண்ணெய் மட்டும் கசிய வேண்டும். பழுப்பு நிறத்தில் நீர்வளையம் தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

பொடி எப்போது?

தனியா, வெந்தயம், மிளகாயைத் தனித்தனியே வெறும் வாணலியில் வறுத்து, நன்றாக ஆறவிட்டு, பொரித்த பெருங்காயத்தோடு சேர்த்துப் பொடியுங்கள். வெந்தயம் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். கறுத்தால் மொத்தமும் கசக்கும். சூடாக அரைத்தால் ஜாருக்குள் ஆவி வியர்த்துப் பொடி கட்டிதட்டும்.

இந்தப் பொடி அடுப்பை அணைக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதுதான் போக வேண்டும். முன்னதாகப் போட்டால் வெந்தயம் தண்ணீரைக் குடித்து, எல்லாம் கெட்டியாகிப் பதம் வந்துவிட்டதுபோல் காட்டும். தண்ணீரோ உள்ளேயேதான் இருக்கும், அடியும் பிடிக்கும். சோதனையில் தேறிய பிறகு பொடி என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

பொடி கலந்து அணைத்ததும் வாணலியோடு நிறுத்து, வெறும் எடையைக் கழியுங்கள். 500 முதல் 540 கிராமுக்குள் இருக்க வேண்டும். புளியில் சக்கை எவ்வளவு போனது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். 600ஐத் தொட்டால் கண்டிப்பாக அடுப்புக்குத் திருப்பி அனுப்புங்கள்.

ஆறவிடுதல், பாட்டில்

தட்டுப் போட்டு மூடக் கூடாது. ஆவி தட்டில் பட்டுச் சொட்டுச் சொட்டாக மேற்பரப்பில் விழும். அந்த ஈரத்தில்தான் வெள்ளையாகப் பூக்கும். மெல்லிய வேட்டித் துணியால் மூடி ஐந்தாறு மணி நேரம் விடுங்கள். வாணலியின் அடியைத் தொட்டால் வெதுவெதுப்புக்கூட இருக்கக் கூடாது.

ஒரே பெரிய பாட்டில் வேண்டாம். 200 மில்லி பாட்டில் மூன்று. ஒன்றில் ஈரக் கரண்டி பட்டாலும் மற்ற இரண்டு பிழைக்கும். விழுதை ஈரமில்லாத எவர்சில்வர் கரண்டியால் அழுத்தி, இடையில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்புங்கள். மரக்கரண்டி ஈரத்தை உள்ளே வைத்திருக்கும், இந்த வேலைக்கு ஆகாது. மீதமுள்ள 50 மில்லி எண்ணெயைச் சூடாக்கி, முழுவதும் ஆறவைத்து, மூன்று பாட்டிலிலும் மேலாகப் பரப்பி ஊற்றுங்கள். வாயில் ஒரு பாலித்தீன் தாளை வைத்து அதன் மேல் மூடியைத் திருகுங்கள். இல்லாவிட்டால் மரை வழியாக எண்ணெய் மெல்ல ஏறி, பெட்டிக்குள் இருக்கும் துணிக்குப் போய்ச் சேரும். பாட்டிலைச் சுற்ற ஒரு பழைய துண்டு போதும். விமானத்தில் போகிறார்கள் என்றால் செக்-இன் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

ஈரம் படாமல் எடுத்தால் வெளியில் ஒரு மாதம் தாராளமாகத் தாங்கும். பிரிக்காத பாட்டில் அதற்கு மேலும் நிற்கும். ஃப்ரிட்ஜ் கிடைத்தால் மூன்று மாதம்.

பருப்பும் கடலையும் ஏன் தனியாக?

விழுதுக்குள் போட்டால் வேர்க்கடலை ஒரு வாரத்தில் நமுத்துவிடும். கடலைப்பருப்பு புளிப்பில் ஊறித் தோல்போல் இழுக்கும். அதனால் கடலை, பருப்பு, கறிவேப்பிலை மூன்றையும் எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, காகிதத்தில் எண்ணெய் இறக்கி, கொஞ்சம் உப்பும் வறுத்துப் பொடித்த எள்ளும் கலந்து ஜிப் பையில் போட்டுவிடுங்கள். சாப்பிடும்போது மேலே தூவிக்கொண்டால் சோற்றுக்கு ஒரு கடிபடும் சுகம். ஒரு சின்ன எச்சரிக்கை: இந்தப் பொட்டலம் புளிக்காய்ச்சலுக்கு முன்பே, சிலசமயம் ரயிலிலேயே தீர்ந்துவிடும். இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பெட்டியின் அடியில் வையுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியது

மெஸ் சோறு சூடாகவும் குழைவாகவும் இருக்கும்போது அப்படியே பிசைந்தால் களியாகும். தட்டில் பரப்பி ஐந்து நிமிடம் ஆவி போகட்டும். பாட்டிலை ஆட்டாமல், மேலிருக்கும் எண்ணெயோடு ஒரு கரண்டி எடுத்துக் கலக்க வேண்டும். எடுத்த பிறகு விழுது எண்ணெய்க்கு மேலே துருத்திக்கொண்டு நின்றால் கரண்டியின் முதுகால் அழுத்திச் சமப்படுத்தச் சொல்லுங்கள். எண்ணெய்க்கு வெளியே நிற்கும் மேட்டில்தான் முதலில் பூஞ்சணம் வரும். சப்பாத்திக்கும் தயிர்ச்சோற்றுக்கும் தொட்டுக்கொள்ளவும் இதே விழுது ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டாம், தானாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

கசக்கிறது: வெந்தயம் கருகியிருக்கும், அல்லது அடி பிடித்ததைச் சுரண்டிக் கலந்திருப்பீர்கள். கூடுதல் வெல்லம் ஓரளவுதான் மறைக்கும். அடி பிடித்தால் சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

வெங்காயமோ பூண்டோ சேர்க்கலாமா? ஃப்ரிட்ஜ் இருக்கும் வீட்டுக்குச் செய்தால் சேர்க்கலாம். ஹாஸ்டல் அலமாரிக்கு வேண்டாம். இரண்டிலும் ஈரம் அதிகம், துண்டின் நடுவில் அது தங்கிவிடும்.

ஆறியதும் கல்லாக இறுகிவிட்டது: அளவுக்கு மீறி வற்றியிருக்கிறது. தண்ணீர் ஊற்றித் தளர்த்தக் கூடாது. காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய் இரண்டு கரண்டி கலந்தால் போதும்.

மேலே வெள்ளையாக ஏதோ தெரிகிறது: தூக்கியெறிவதற்கு முன் ஒரு துளி எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று நெருடினால் உப்பு. நன்றாக வற்றிய விழுதில் அப்படிப் பூப்பதுண்டு, சாப்பிடலாம். பஞ்சுபோல் மென்மையாக, மக்கிய வாடையோடு இருந்தால் பூஞ்சணம். மேலாக வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம் என்று பிள்ளைகள் போனில் கேட்பார்கள். கூடாது, அதன் வேர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும். அந்தப் பாட்டிலைக் கொட்டிவிட்டு அடுத்த பாட்டிலைப் பிரிக்கச் சொல்லுங்கள்.